சுருட்டை முடிக்குக் கிழமைக்கு ஒருக்காத் தோய்ஞ்சா காணும்

நடுவர் ஐயா, எதிரணித் தங்கச்சி நல்லாப் பேசினவ, திருகோணமலை வெக்கையில, கச்சான் காத்துப் புழுதியில, கடல் உப்பில தினம் ஷம்பு போட்டுத் தோயாட்டித் தலை நாறிப்போகும் எண்டு. வேர்வையும் உப்பும் உண்மைதான், நானும் உப்புவெளியிலதான் இருக்கிறன். ஆனா அவ சொன்னது முழுக்கத் தலைத்தோலைப் பத்தி. இடுப்புவரைக்கும் தொங்கிற முடியின்ர கதையை ஆர் கதைக்கிறது?

முடி மாசத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான் வளருது. இழுத்து அளந்தா 70 சென்ரிமீற்றர் வாற முடியில நுனி கிட்டத்தட்ட 6 வருசப் பழசு. உயிரில்லாத இழை, பிளந்தா ஆறாது. தோல்ல ஊறுற எண்ணெய்தான் அதுக்குக் காவல், நேர் முடியில அது வழுக்கிக்கொண்டு இறங்கிடும், சுருட்டையில வளைவுக்கு வளைவு நிண்டு நிண்டு நுனிக்குப் போய்ச் சேரவே நாள் எடுக்கும், அதுக்கிடையில தினம் ஷம்புவால கழுவி எடுத்தா நுனிக்கு என்னதான் மிஞ்சும் ஐயா?

ஏ.எல். படிக்கேக்க நானும் தினம் தோய்ஞ்சனான். எங்கட கிணறு கொஞ்சம் சவர், விடியவே தோய்ஞ்சு ஈரத்தோட பின்னிக்கொண்டு ஓடுறது. பின்னேரம் அவிழ்த்தா பின்னலுக்குள்ள ஈரம் அப்பிடியே, ஒரு புளிச்ச மணம், நுனியெல்லாம் தேங்காய்த் தும்பு. அம்மம்மா சீப்பைப் பறிச்சு வச்சிட்டு விரலால சிக்கெடுத்தவ, கீழ இருந்து மேல, அரை மணித்தியாலம், மடியில விழுந்த முடியைச் சுருட்டினா தேசிக்காய் அளவு உருண்டை. ஒண்டும் பேசேல்ல. அடுத்த வெள்ளிவரைக்கும் என்ர தலையில தண்ணி படவிடேல்ல, வெள்ளிக்கிழமை சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவிச்ச அரப்பு. அதுக்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளிதான்.

சொடுகு உள்ளவை வேற, எண்ணெயைத் தின்னுற பூஞ்சைதான் அங்க பிரச்சினை, அவை டொக்டர் சொல்லுற மருந்து ஷம்புவை அவர் சொல்லுற கணக்கில போடத்தான் வேணும். வேர்வை கூடின ஆளெண்டா கிழமைக்கு ரெண்டுதரம், சரி. நிலாவெளியில கடல் குளிச்சா அண்டைக்கே நல்ல தண்ணியால அலசுங்கோ, உப்பு காய விடாதேங்கோ, ஆனா அதுக்கு ஷம்பு வேண்டாம்.

தோயிற அண்டைக்கு ஷம்பு தோலுக்கு மட்டும், வழியிற நுரையே நீட்டுக்குக் காணும், நுனிக்குக் கொண்டிஷனர். துவாயால முறுக்கிப் பிழிய வேண்டாம், ஈர முடி லேசா அறும், அப்பான்ர பழைய சாரத்தால ஒத்தி எடுங்கோ.

தங்கச்சி, உங்களுக்கும் அடர்ந்த சுருட்டைதான். காலமை தோய்ஞ்சிட்டுத்தான் வந்தனான் எண்டு நீங்களே சொன்னீங்கள். இப்ப இரவு எட்டு மணி, பின்னலுக்குள்ள விரலை விட்டுப் பாத்துச் சொல்லுங்கோ, காய்ஞ்சிட்டுதா?