விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஆந்தை

[காட்சி: இருட்டு. தெருவிளக்குக் கம்பியில் உருண்டையாக ஒரு சின்ன உருவம்.]

பொழுது சாய்ந்ததும் 'சிர்ர்ர்... சிர்ர்ர்... சிவாக், சிவாக்' என்று யாரோ சண்டை பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஒன்று கத்த, இன்னொன்று பதிலுக்குக் கத்தும். உடனே வீட்டுக்குள்ளிருந்து, "ஆந்தை அலறுது, யாருக்கு என்ன ஆகப்போகுதோ!" என்று ஒரு குரல் வரும்.

அலறுவது புள்ளி ஆந்தை. நீளம் சுமார் 21 செ.மீ.தான். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் குண்டு.

[காட்சி: முகம், மிக அருகில்.]

மஞ்சள் கண், மேலே வெள்ளைப் புருவம். கிட்டே போனால் தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மை முறைக்கும். பலருக்கும் குலை நடுங்குவது இந்தப் பார்வையில்தான். பாவம், அதற்குக் கண்ணை உருட்ட முடியாது! ஆந்தையின் கண் குழாய் போல நீண்டு, அசையாமல் பொருந்தியிருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கத் தலையையே திருப்பியாக வேண்டும். அதற்குத்தான் கழுத்தில் 14 எலும்புகள், நமக்கு 7. தலையாட்டுவதும் மிரட்ட அல்ல, நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கணிக்க.

[காட்சி: மரப்பொந்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஜோடி.]

பகலில் மரப்பொந்திலோ பழைய கட்டட இடுக்கிலோ ஜோடியாகத் தூங்கும். இரவில் வண்டு, விட்டில், பல்லி, சுண்டெலி வேட்டை.

சரி, சாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் நினைப்பது இது. மின்சாரம் வராத காலத்தில், ஒருவர் சாகக் கிடக்கிற வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். வெளிச்சத்துக்கு விட்டில் வரும். விட்டிலைத் தேடி ஆந்தை வரும், கூரையில் உட்கார்ந்து கத்தும். விடியும்போது உயிர் போயிருந்தால் பழி ஆந்தை மேல்! படுத்தவர் பிழைத்து எழுந்த வீடுகளிலும் அது கத்தித்தான் இருக்கும். அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

இதே பேரினத்து ஆந்தையைத்தான் கிரேக்கர்கள் அறிவுத் தெய்வம் அதீனாவின் பறவை என்று வெள்ளிக்காசில் பொறித்தார்கள்.

[காட்சி: கூண்டுக்குள் ஓர் ஆந்தை.]

வட இந்தியாவில் ஆந்தை லட்சுமியின் வாகனம். ஆனால் தீபாவளி நெருங்கினால் செல்வம் சேரும் என்று அதையே பிடித்துப் பலி கொடுப்பவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

[காட்சி: மறுபடியும் தெருவிளக்கு. ஆந்தை சட்டென்று தரைக்குப் பாய்ந்து கம்பிக்குத் திரும்புகிறது. அலகில் ஒரு வண்டு.]