வெள்ளி மதியம் முதல் திங்கள் காலை வரை

(திரையில்: அமெரிக்கப் பள்ளி ஒன்றின் உணவுக்கூடம். சுவர்க் கடிகாரம். வெள்ளிக்கிழமை, மதியம் 12 மணி.)

பள்ளியில் இலவசமாகச் சாப்பிடும் ஒரு பிள்ளை இந்தத் தட்டைக் கழுவப் போட்டுவிட்டுப் போனால், பள்ளி அவனுக்குப் போடும் அடுத்த சாப்பாடு திங்கட்கிழமை காலையில்தான். இடையில் ஏறக்குறைய 67 மணி நேரம். வீட்டு அலமாரி காலியாக இருந்தால் அந்த நேரத்தை அவன் எப்படிக் கடப்பான்?

அமெரிக்கா பணக்கார நாடுதான். 1946இல் அதிபர் ட்ரூமன் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1966இல் சோதனையாகத் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1975இல் நிரந்தரமானது. வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு வேளையும் இலவசம். ஆனால் சனி, ஞாயிறுகளில் பள்ளிக்குப் பூட்டு.

(திரையில்: அர்க்கன்சாஸ் மாநில வரைபடம். லிட்டில் ராக் நகரம்.)

அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிச் செவிலியர். 1990களின் நடுப்பகுதி. வயிற்று வலி, தலைச்சுற்றல் என்று பிள்ளைகள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். நோய் ஒன்றுமில்லை, பசி. அவர் உள்ளூரில் இருந்த அர்க்கன்சாஸ் ரைஸ் டிப்போ என்ற உணவு வங்கியிடம், அதாவது நன்கொடையாக வரும் உணவை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பிடம், உதவி கேட்டார். அவர்கள் புத்தகப் பைகளில் உணவை நிரப்பி வார இறுதிக்குக் கொடுத்தனுப்பினார்கள். பிறகு அந்த முறை நாடெங்கும் பரவியது.

(திரையில்: நீண்ட மேசை. தன்னார்வலர்களின் கைகள் பைகளை நிரப்புகின்றன.)

பைக்குள் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். ஓட்ஸ் பாக்கெட், சூரை மீன் டின், வேர்க்கடலை வெண்ணெய், பழத்துண்டு டப்பா, குளிர்ப்பெட்டியில் வைக்கத் தேவையில்லாத பால். டின்களின் மூடியில் ஒரு வளையம் இருக்கிறது, கவனியுங்கள். விரலால் இழுத்தாலே திறந்துவிடும். அம்மா இரண்டாவது வேலைக்குப் போயிருப்பார். குடும்பமே அடுப்பில்லாத ஒரு மோட்டல் அறையில் குடியிருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை தனியாகத் திறந்து, சமைக்காமல் சாப்பிட முடிய வேண்டும். கண்ணாடிப் புட்டி வேண்டாம்: கனக்கும், பஸ்ஸில் விழுந்தால் உடையும். பை பிள்ளையின் முதுகு தாங்கும் எடையில் இருக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு வேறு பை கட்ட வேண்டும். இத்தனையும் யோசித்துக் கட்டிய பை என்றால், கட்டியவர் அந்தப் பிள்ளையை உண்மையாகவே மனதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

கொடுக்கும் விதம் அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. எல்லோர் முன்னிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால், கூச்சப்படும் பிள்ளை அடுத்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிடும். அதனால் பல பள்ளிகளில், வகுப்பு விளையாட்டு மைதானத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆசிரியரே உணவுப் பொட்டலத்தைப் பிள்ளையின் சொந்தப் பைக்குள் வைத்துவிடுகிறார்.

யாருக்குக் கொடுப்பது? வருமானப் பட்டியல் மட்டும் போதாது. திங்கட்கிழமை காலை உணவு வரிசைக்கு முண்டியடித்து ஓடும் பிள்ளை, பாதி ரொட்டியைச் சட்டைப்பையில் ஒளித்துவைக்கும் பிள்ளை, நீண்ட விடுமுறை என்றதும் முகம் வாடும் பிள்ளை: இவர்களை ஆசிரியரின் கண்தான் கண்டுபிடிக்கும்.

(திரையில்: ஒரு வீடு. மேசையைச் சுற்றி மூன்று குழந்தைகள்.)

ஒரு சங்கடமும் இருக்கிறது. பை ஒருவனுக்கு என்று கணக்கிடப்பட்டது. வீட்டில் பள்ளி வயதுக்கு வராத தம்பியும் தங்கையும் இருப்பார்கள். அண்ணன் தான் மட்டும் சாப்பிட மாட்டான். எனவே வீட்டிலுள்ள குழந்தைகள் அனைவரையும் கணக்கில் சேர்க்கும் திட்டமே சரியான திட்டம்.

இந்தப் பைத் திட்டங்களில் பெரும்பங்கு உணவு வங்கிகளும் தேவாலயங்களும் நன்கொடையில் நடத்துபவை. நன்கொடை குறைந்தால் பையும் குறையும். கோடை விடுமுறைக்கு, 2024 முதல் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 120 டாலர் உணவுத்தொகை தரும் நிரந்தரத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. முதல் ஆண்டில் பல மாநிலங்கள் அதில் சேரவே இல்லை. ஆண்டு முழுவதும் வாராவாரம் வரும் சனி, ஞாயிறுக்கும் அதுபோல் அரசுப் பணம் ஒதுக்க வேண்டும். பள்ளி நாளில் அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று 1946இலேயே ஒப்புக்கொண்ட அரசு அது.