கடிதம் வரும் வரை

வணக்கம் நேயர்களே.

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அங்கே பாதி வேலை காத்திருப்பதுதான். தூத்துக்குடியில் செத்தல் மிளகாய் ஏற்றியாயிற்றா, கப்பல் ஆவணங்கள் வந்தனவா, கப்பல் முகவர் என்ன சொன்னார்? எல்லாம் மின்னஞ்சலில் வர வேண்டும். கணக்கப்பிள்ளை மற்ற வேலைகளைப் பார்த்தபடியே ஒரு கண்ணை அதில் வைத்திருப்பார்.

அப்படி ஒரு கடைக்காக இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு ஏஜென்டிடம் கொடுத்துப் பார்த்தோம். ஏஜென்ட் என்றால், கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், தானே கடிதம் எழுதி, கோப்பைத் திறந்து, அடுத்த காரியத்துக்குப் போகிற மென்பொருள். கடிதம் அருமையாக எழுதியது. ஆனால் பதில் வரும் வரை பொறுத்திரு என்றால் அதற்கு முடியவில்லை. ஏஜென்டின் உள்ளே இருந்து வாசித்து எழுதுகிற பகுதிக்கு மொழி மாதிரி (language model) என்று பெயர். அது யாராவது கூப்பிட்டால்தான் இயங்கும். ஒரு கூப்பிடலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நிமிடம் போனாலும் ஒரு வாரம் போனாலும் அதற்குத் தெரியாது.

சரி, நிமிடத்துக்கு ஒரு தடவை அஞ்சல் பெட்டியைப் பார் என்று வைத்தோம். ஒரு நாளைக்கு 1440 தடவை. ஒவ்வொரு தடவையும் பழைய உரையாடலை எல்லாம் திரும்ப வாசித்துவிட்டு, இன்னும் வரவில்லை என்று சொன்னது. அந்த வாசிப்புக்கெல்லாம் டொலரில் கட்டணம். ஒரு சின்னக் கடை இதைத் தாங்காது.

அப்புறம்தான் காத்திருக்கிற வேலையை மாதிரியிடமிருந்து எடுத்து, வெளியே ஒரு சாதாரண நிரலிடம் கொடுத்தோம். இன்னாரிடமிருந்து, இந்தக் கடிதத்துக்குப் பதில், இவ்வளவு நேரத்துக்குள் என்று ஏஜென்ட் சொல்லி வைக்கும். நிரல் அமைதியாக நிற்கும். அந்த நேரம் முழுவதும் மாதிரிக்கு வேலையும் இல்லை, செலவும் இல்லை. கடிதம் வந்ததும் அதைக் கொடுத்து ஏஜென்டை எழுப்பும்.

இதற்கான வழி நம் கையில் நெடுநாளாகவே இருக்கிறது. மென்பொருள் அஞ்சல் பெட்டியோடு பேசுவதற்கான ஐமேப் (IMAP) என்ற நெறிமுறையில் 1997ஆம் ஆண்டிலேயே ஐடில் (IDLE) என்ற கட்டளை வந்துவிட்டது. நான் இணைப்பிலேயே இருக்கிறேன், புதிதாக ஏதும் வந்தால் சொல் என்று, அஞ்சலை வைத்திருக்கிற கணினியான சேவையகத்திடம் கேட்டு வைப்பது அது. அரை மணி நேரம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தால் சேவையகம் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். அதனால் 29 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு பொறுமையாக யோசித்து எழுதி வைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வந்த கடிதம் எதற்குப் பதில் என்பதைத் தலைப்பை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனி அடையாள எண் உண்டு, பதிலில் அந்த எண்ணும் சேர்ந்து வரும். ஆனால் நம் வியாபாரிகள் பலர் பழைய கடிதத்துக்குப் பதில் போடாமல் புதிதாக ஒன்று எழுதுவார்கள். அதற்காக ஓடர் இலக்கத்தையும் பார்க்க வைத்தோம்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அஞ்சல் உடனே போய்ச் சேராவிட்டால், அனுப்புகிறவரின் சேவையகம் நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலலாம். ஒரு மணி நேரத்தில் வரவில்லை என்பதால் அவர்கள் அனுப்பவில்லை என்று ஆகாது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கொழும்பில் கந்தோர்கள் பூட்டு, அன்றைக்கு தூத்துக்குடியில் வேலை நாள். தீபாவளிக்கு மறுநாள் அங்கே யார் கடிதம் எழுதப் போகிறார்கள்? இந்த நாட்களை நாங்கள் சொல்லிக் கொடுக்காவிட்டால், ஏஜென்ட் நல்ல மனிதர்களுக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பி மனம் நோகச் செய்துவிடும். நேரம் கடந்தால் பதில் வரவில்லை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முகவரி தெரிந்த யாரும் கடிதம் போடலாம். அதற்குள்ளே, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்குப் பணம் அனுப்புங்கள் என்று இருக்கலாம். ஏஜென்ட் அதைத் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டால் ஒரு கொள்கலன் சரக்கின் பணம் போய்விடும். ஆகவே வந்த கடிதத்தை வாசித்துச் சுருக்கித் தரலாம், பதிலை எழுதி வைக்கலாம், பணத்தைத் தொட அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. கணக்கு இலக்கம் மாறியிருந்தால் கணக்கப்பிள்ளைதான் தொலைபேசியை எடுக்கிறார். கடிதத்தில் இருக்கிற இலக்கத்துக்கு அல்ல, தன்னுடைய கொப்பியில் பல வருடமாக எழுதி வைத்திருக்கிற பழைய இலக்கத்துக்கு.

நன்றி, வணக்கம்.