தெருவுக்கு ஒரு விலை

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் இங்கே அதிகம் என்று நலச்சங்கத்தார் சொன்னார்கள். நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். பத்திரம், பட்டா, மதிப்பீட்டு அறிக்கை என்று தினமும் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். பட்டா சரியா, தாய்ப்பத்திரம் சரியா என்பதையெல்லாம் ஒரு நல்ல வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். இன்றைக்கு நான் விலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடன் கேட்டு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சார், இப்ப மார்க்கெட் எப்படி இருக்கு, வாங்கலாமா?" நான் திருப்பிக் கேட்பேன், "எந்தத் தெருவில்?" என்று. ஏனென்றால் சென்னை விலை என்று ஒன்று கிடையாது. ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது, தேசிய வீட்டுவசதி வங்கி ரெசிடெக்ஸ் என்று ஒன்று வெளியிடுகிறது, இரண்டிலும் சென்னை இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அவை போதும். ஆனால் அண்ணா நகரையும் ஊரப்பாக்கத்தையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்கிய கணக்கு அது. நீங்கள் வாங்கப்போவது ஒரு தெருவில் ஒரு வீடு.

முடிச்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கியது உங்களில் பலருக்கு நேரிலேயே தெரியும், சிலர் மொட்டை மாடியில் இருந்திருப்பீர்கள். ஒரே ஊர், ஒரே பின்கோடு, ஆனால் ஒரு தெருவில் ஆள் உயரத் தண்ணீர், நாலு தெரு தள்ளி மேட்டில் வாசல்படியோடு நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு இந்த இரண்டு தெருவுக்கும் ஒரே விலை எப்படி இருக்கும்? விளம்பரத்தில் இரண்டுமே "முடிச்சூர், சதுர அடி இவ்வளவு" என்றுதான் வரும்.

அடுத்தது, சொல்லும் விலை வேறு, முடிந்த விலை வேறு. இணையத்தில் நீங்கள் பார்ப்பதெல்லாம் சொல்லும் விலை. விற்கிறவர் ஆசைப்பட்ட தொகை, தரகர் அதில் சேர்த்துக்கொண்டது, பேரத்துக்கு என்று மேலே வைத்தது, எல்லாம் அதில் இருக்கும். முடிந்த விலை எங்கே கிடைக்கும்? பதிவுத்துறை இணையதளத்தில், ஒரு சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் தாங்கள் வாங்கும் வீட்டுக்கு மட்டும் போட்டுப் பார்த்து, கடன் எதுவும் இல்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். அப்படி மூடாதீர்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு போட்டுத் தேடினால் அந்த அடுக்குமாடியில் நடந்த எல்லாப் பதிவும் வரிசையாக வரும். அதில் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு கட்டம் இருக்கும். பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கடைசி மூன்று வருடத்தை எழுதுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், நிறைய பேர் இதில்தான் குழம்புகிறார்கள். 2021ல் பில்டரிடம் புதிதாக வாங்கிய ஒரு வீட்டுக்குக் கைமாற்றுத் தொகைக் கட்டத்தில் 22 லட்சம் என்று இருக்கலாம், உங்களிடமோ இன்று 70 கேட்கிறார்கள். ஐயோ ஏமாற்றுகிறார்கள் என்று பதற வேண்டாம். அப்போதெல்லாம் புதுப் பிளாட் வாங்கும்போது நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கை மட்டும் கிரயப் பத்திரமாகப் பதிவார்கள், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். ஆகவே 22 லட்சம் என்பது நிலப்பங்கின் விலை. 2023 டிசம்பரில் கூட்டு மதிப்பு முறை வந்த பிறகுதான் நிலமும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிவாகிறது. அதனால் அந்தத் தேதிக்குப் பிந்திய பதிவுகளையும், பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்ற மறுவிற்பனைகளையும் பாருங்கள். அதிலும்கூட சிலர் பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருப்பார்கள், அதனால் அந்த எண்ணை அடிமட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை. அறுபது வீடுள்ள இடத்தில் இரண்டு வருடத்தில் இரண்டு கைமாறினால் அது சாதாரணம். பன்னிரண்டு கைமாறியிருந்தால், அல்லது ஒரே வீடு மூன்று வருடத்துக்குள் இரண்டு தடவை விற்றிருந்தால், எதையோ விட்டு ஓடுகிறார்கள். எதை என்று கண்டுபிடிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கிற வழிகாட்டி மதிப்பைப் பார்த்து விலையை முடிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். மறுநாள் யாராவது வீட்டை 33 சதவீதம் குறைத்து விற்றார்களா? 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பக் கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். அது அரசு தன் வருமானத்துக்காக வைக்கிற கணக்கு. உங்கள் கைக்காசைக் கணக்குப் போட மட்டும் அது உதவும். மறுவிற்பனை வீடென்றால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். புதுப் பிளாட்டின் முதல் விற்பனைக்குக் கூட்டு மதிப்பு முறையில் 50 லட்சம் வரை 6, அதற்கு மேல் 3 கோடி வரை 7. எழுபது லட்சத்தில் 9க்கும் 7க்கும் உள்ள இந்த 2 சதவீத வித்தியாசமே 1 லட்சத்து 40 ஆயிரம், பேரம் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

சரி, காகிதத்தை விட்டுத் தெருவுக்கு வாருங்கள். என் அக்கா மகன் போன வருடம் ஒரு அடுக்குமாடியில் வீடு பார்த்தான். சொன்ன விலை 68 லட்சம். பகலில் போய்ப் பார்த்தால் பெயின்ட் பளபளவென்று, லிப்ட், ஜெனரேட்டர், எல்லாம் ஜோர். நான் அவனை ராத்திரி எட்டரை மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்ப்பக்கம் நின்று விளக்கெரியும் வீடுகளை எண்ணினோம். பின்பக்க பிளாக்கில் இருபத்துநான்கில் ஒன்பதுதான் எரிந்தது. கேட் ஓரத்தில் இஸ்திரி வண்டி போட்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முன்னாடி அந்த பிளாக்குலருந்து பதினஞ்சு இருவது வீட்டுத் துணி வரும் சார், இப்ப ஏழெட்டு வீடுதான்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, போர்வெல்லில் தண்ணீர் உப்பாகிவிட்டது, சித்திரை வைகாசியில் தினம் மூன்று லாரி வருகிறது, அந்தச் செலவைப் பங்கு போட்டே வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்றார். அந்தத் தகவல் எந்த இணையதளத்திலும் இல்லை. காம்பவுண்டு சுவரில் முட்டி உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடியதையும் அவர்தான் கை நீட்டிக் காட்டினார், புது பெயின்டுக்கு உள்ளிருந்து லேசாகத் தெரிந்தது. நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை.

வாடகையைக் கட்டாயம் விசாரியுங்கள். வாங்குகிறவர் எதிர்காலத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பார், வாடகைக்கு வருகிறவர் இன்றைக்கு அந்த இடம் எப்படி இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் கொடுப்பார். எழுபது லட்சம் சொல்லும் வீட்டுக்கு மாத வாடகை 17 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 4 ஆயிரம், மூன்று சதவீதம்கூட இல்லை. விலை ஏறிக்கொண்டே போய் வாடகை மூன்று வருடமாக அசையாமல் நின்றால், அந்த ஏற்றத்தில் பாதி வெறும் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு என்றதும் ரயில் ஞாபகம் வருகிறது. வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007ல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர், 2008ல் வேலை ஆரம்பித்தார்கள். ஆதம்பாக்கத்தில் நிலம் எடுப்பதில் சிக்கல், வழக்கு, பதினைந்து வருடம் கழித்தும் அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. "ஸ்டேஷன் பக்கத்திலேயே சார்" என்ற பேச்சை நம்பி அன்றைக்கே கூடுதல் விலை கொடுத்தவர்கள் எத்தனை பேர், என் மேசைக்கு வந்தவர்களையே எனக்கு ஞாபகம் இருக்கிறது, மனசு கஷ்டமாக இருக்கும். இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டம், மூன்று வழித்தடம், 118.9 கிலோமீட்டர். நல்ல விஷயம்தான், வரட்டும். ஆனால் தூண் நிற்கிறதா, பலகை மட்டும் நிற்கிறதா என்று பார்த்து அதற்குத் தகுந்த காசு கொடுங்கள்.

வட்டியை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது, வீட்டுக்கடன் வட்டியும் கூடவே ஏறியது. 50 லட்சம், இருபது வருடக் கடன் என்று வையுங்கள், 6.7 சதவீதத்தில் தவணை சுமார் 37,870, அதே கடன் 9.2 ஆனால் 45,630. இன்றைய தவணையைக் கட்ட முடியுமா என்று மட்டும் பார்க்காமல், எட்டாயிரம் கூடினாலும் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். "இது ஆடி மாதம். ஆவணி பிறந்தால் விலை ஏறிவிடும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார், இப்போதே அட்வான்ஸ் கொடுக்கட்டுமா?" அம்மா, ஆடியில் பத்திரப்பதிவு குறைவதும் ஆவணி முகூர்த்த நாளில் டோக்கன் கிடைக்காமல் அலைவதும் உண்மை. ஆனால் கூட்டம் கூடுகிறது என்பதற்காக ஒரே மாதத்தில் தெரு விலை மாறிவிடாது. ஆடியில் விற்கிறவர்தான் காத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் இல்லை. இந்த மாதம் நிதானமாகப் பாருங்கள், வில்லங்கம் போடுங்கள், பேசி விலையைக் கீழே கொண்டுவாருங்கள். அப்புறம், நீங்கள் தாழ்வான பகுதி என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன், மூன்று மாதம் பொறுக்க முடியுமா? பொறுத்தால் ஐப்பசியில் நல்ல மழை அடித்த மறுநாள் காலையில் அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்து போய்விட்டு எனக்கு போன் பண்ணுங்கள், என் நம்பர் சங்கத்தில் இருக்கிறது.