எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உயிரைத் தொடுகிறது: நீரில் கன உலோகங்களும் உயிருணரிகளும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் என் வணக்கம்.

குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஈயத்துக்கும் அதே 10, கனிமப் பாதரசத்துக்கு 6, காட்மியத்துக்கு 3. இந்த எண்களை வாசித்துவிட்டுக் கடந்துபோவது எளிது என்பதால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சம் லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம் ஆர்செனிக் கரைந்திருந்தால் அந்த வரம்பை எட்டிவிடுகிறோம். அந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையிலும் வேறுபாடில்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். உலோகமோ எங்கும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். வேதியியல்படி ஆர்செனிக் முழு உலோகம் அன்று, உலோகப்போலிதான். அதன் நஞ்சுத்தன்மையைக் கருதிக் கன உலோகங்களின் வரிசையிலேயே அதையும் உட்கார வைத்திருக்கிறோம்.

இவ்வளவு நுண்ணிய அளவை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் பாகைக்குச் சூடேற்றிப் பிழம்பாக்கி, அதனுள் நீரைப் பனிபோலத் தெளித்து, பிரிந்து வரும் அயனிகளை நிறைவாரியாக எண்ணிச் சொல்லும் நிறை நிறமாலைமானிகள் பெரிய ஆய்வகங்களில் இருக்கின்றன. அவற்றின் துல்லியத்தோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் நிலத்தடி ஆர்செனிக் விஷயத்தில், சில மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு குழாய்க் கிணறுகளில் ஒன்று தூயதாகவும் மற்றது நஞ்சாகவும் இருக்கக்கூடும். எனவே ஊருக்கு ஒரு மாதிரி எடுத்தால் போதாது, கிணற்றுக்குக் கிணறு சோதித்தாக வேண்டும். வங்கதேசத்தில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைக் களத்திலேயே சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசியது இதனால்தான். அங்கே பயன்பட்ட களச் சோதனையில் துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து நீரிலுள்ள ஆர்செனிக்கை ஆர்சைன் வாயுவாக்கும்; அந்த வாயு பாதரச உப்புப் பூசிய காகிதத்தை மஞ்சளிலிருந்து பழுப்புவரை மாற்றும். ஒரு நஞ்சைக் கண்டுபிடிக்க இன்னொரு நஞ்சைக் காகிதத்தில் பூசி, கொடிய நஞ்சான ஒரு வாயுவையும் உண்டாக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

உயிருணரி என்ற எண்ணம் வேறொரு துறையில் பிறந்தது. 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும், ஒரு நொதியை மின்முனையின் அருகில் நிறுத்திக் குளுக்கோஸை அளக்கலாம் என்று காட்டினார்கள். இன்று வீடுகளில் சர்க்கரை அளக்கும் கருவி அதன் வழித்தோன்றல். ஒன்றை அடையாளம் காண ஓர் உயிர்ப்பொருள், அது கண்டதை மின்னாகவோ ஒளியாகவோ மாற்றிச் சொல்ல ஒரு கருவி: உயிருணரி என்பது இவ்விரண்டின் கூட்டு. கன உலோகங்களுக்கு முதலில் எளிதாகக் கிடைத்த வழி, நொதி முடங்குவதைக் கவனிப்பது. யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதியில் உள்ள கந்தகப் பிடிகளைப் பாதரசம் பற்றிக்கொண்டால் வேலை மந்தமாகும். ஆனால் வெள்ளியும் செம்பும்கூட அதையே செய்யும் என்பதால், குற்றம் நடந்தது தெரியுமே தவிரக் குற்றவாளி யார் என்று தெரியாது.

இதைவிட நேர்த்தியான வழியை நுண்ணுயிரிகளிடம்தான் கற்றோம். மனிதன் சுரங்கம் தோண்டுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே பாதரசத்தோடும் ஆர்செனிக்கோடும் வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்கள், நஞ்சு வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் காவல் புரதங்களை வைத்திருக்கின்றன. ஆர்செனிக்குக்கான காவல் புரதம் டி.என்.ஏ.வின் மீது குந்திக்கொண்டு, நஞ்சை வெளியேற்றும் மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும். ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனைட் உள்ளே வந்து, அப்புரதத்தில் கந்தகம் தாங்கி நிற்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களைப் பற்றியதும் அதன் வடிவம் மாறி, பிடி தளர்ந்து, பூட்டுத் திறக்கும். பாதரசத்தின் காவலர் வேறு ரகம். அது டி.என்.ஏ.வை விட்டு விலகுவதில்லை. பாதரசத்தைப் பற்றியவுடன், தான் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே டி.என்.ஏ.வின் முறுக்கைச் சற்றுத் தளர்த்திக் கொடுக்கிறது, அருகில் காத்திருந்த நொதி உடனே மரபணுவைப் படிக்கத் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் செய்ததெல்லாம், இந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டிவைத்ததுதான். குளிரில் உலர்த்திய பாக்டீரியா, சிறு குப்பியின் அடியில் வெளிறிய பொடியாகக் கிடக்கும். சோதிக்க வேண்டிய நீரைச் சொட்டுவிட்டு வெதுவெதுப்பில் வைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ஒளிர்வதை அளக்கலாம்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நிறமாலைமானி நீரில் உள்ள அணுக்களை எல்லாம் எண்ணுகிறது. பாக்டீரியா தன் உடலுக்குள் புகுந்தவற்றுக்கு மட்டுமே குரல் கொடுக்கிறது. களிமண் துகளில் ஒட்டியதும், மட்கிய கரிமப் பொருளோடு பிணைந்ததும் முதல் கணக்கில் சேரும், இரண்டாவதில் பெரும்பாலும் சேராது. ஆகவே இரண்டு எண்களும் வேறுபட்டால் உயிருணரி பிழை செய்தது என்று அவசரப்பட்டுச் சொல்வது, கேள்வியையே புரிந்துகொள்ளாத பேச்சு. வடிவத்தைப் பொறுத்தும் நஞ்சு மாறும்: 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம், கடல்மீனில் சேர்ந்து மக்களின் உணவுக்கு வந்த மெத்தில் பாதரசம். மேலே சொன்ன பாதரசக் காவலருக்கு அதை நேரடியாகத் தெரியாது. கார்பனையும் பாதரசத்தையும் வெட்டிப் பிரிக்கும் இன்னொரு நொதியையும் அந்த பாக்டீரியாவுக்குக் கொடுத்தால்தான் அது மெத்தில் பாதரசத்தையும் உணரும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆர்செனிக் காவலர் ஆண்டிமனி என்ற தனிமத்துக்கும் எழுந்து நிற்கும். காட்மியத்துக்கென வைத்தது ஈயத்துக்கும் பதில் சொல்லும். ஒருமுறை, இயல்பாகவே ஒளிரும், நஞ்சு பட்டால் ஒளி மங்கும் கடல் பாக்டீரியாவை வைத்துக் குழாய் நீரைச் சோதித்தபோது ஒளி சட்டென்று அணைந்துபோக, அரை நாள் முழுவதும் உலோகத்தைத் தேடிக் களைத்தேன். கடைசியில் பார்த்தால் நீரைத் தூய்மைப்படுத்தச் சேர்த்திருந்த குளோரின்தான் அவற்றைக் கொன்றிருக்கிறது. தயோசல்ஃபேட் சேர்த்துக் குளோரினை முறிக்க மறந்தது என் தவறு. அன்றிலிருந்து, நஞ்சில்லாத நீர் ஒரு குப்பியிலும், அளவு தெரிந்த உலோகம் கலந்த நீர் இன்னொன்றிலும் பக்கத்தில் இல்லாமல் எந்த முடிவையும் நான் வாசிப்பதில்லை.

மரபணு மாற்றிய உயிரைக் களத்துக்கு எடுத்துப்போவதில் உள்ள தயக்கமும் நியாயமானதே. அதனால்தான் உயிரணுவே இல்லாத உணரிகள் என்னை ஈர்க்கின்றன. 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ஈயம் இருந்தால் மட்டும் தன் இணை இழையை வெட்டி ஒளியை விடுவிக்கும், டி.என்.ஏ.வாலேயே ஆன நொதியைக் கொண்டு உணரி அமைத்தார்கள். 2020-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் காவல் புரதத்தையும் அதற்குரிய டி.என்.ஏ.வையும் உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்து, உலர்த்தி, ஒரு துளி நீரில் எழுப்பிக் காட்டினார்கள். உயிர் இல்லாதது சாகவும் செய்யாது, பரவவும் செய்யாது. ஆனால் உயிரணுவின் சவ்வு போய்விட்டதால், எவ்வளவு உள்ளே புகும் என்ற கேள்விக்கும் அது முன்போல் விடை சொல்வதில்லை.

களத்துக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இரும்பு மிகுந்த கிணற்று நீரைப் புட்டியில் பிடித்து வைத்தால், காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் அடியில் செந்நிற வண்டல் படியும். கரைந்திருந்த ஆர்செனிக்கில் பெரும்பகுதி அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும், மேல்நீரைச் சோதிக்கும் உயிருணரி குறைத்தே காட்டும். இதைத் தடுக்க ஆய்வகங்கள் புட்டியில் நைட்ரிக் அமிலம் விடச் சொல்கின்றன. அந்த அமில நீரிலோ நம் பாக்டீரியா பிழைக்காது. ஆகவே ஒரே கிணற்றிலிருந்து இரண்டு புட்டிகள் எடுங்கள்: அமிலம் விட்டதை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், விடாததைக் கிணற்றடியிலேயே, நீர் தெளிவாக இருக்கும்போதே, உயிருணரியில் இடுங்கள்; இரண்டின் மீதும் ஒரே எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.