தேதி தெரிந்த பணம்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதைப் பற்றி எந்த மேடையில் பேசப் போனாலும், நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஒரு கை உயர்ந்துவிடும். "கையில் காசைக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா?" இன்றைக்கும் இரண்டாவது வரிசையில் ஒருவர் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதை முதலிலேயே முடித்துவிடலாம். உலக வங்கியில் இருந்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பணம் வந்த வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை; சராசரியில் கொஞ்சம் குறைந்தே இருந்தது. அடுத்த கேள்வி, "உழைப்பதை விட்டுவிடுவார்களே" என்பது. அபிஜித் பானர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும் 6 வளரும் நாடுகளில் நடந்த 7 அரசுத் திட்டங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. சரி, இரண்டையும் இதோடு விடுகிறேன். குடிப்பவன் ஒருவன்கூட இல்லை என்று நான் சொல்லவில்லை. குடிப்பவன் அரசுப் பணம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

நான் பேச வந்தது வேறொன்று. சில வருடங்களுக்கு முன்பு ஒரு வீட்டில் ஒரு நோட்டைப் பார்த்தேன். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு. அவன் எழுதாமல் விட்ட பின்பக்கங்களில் அம்மா வீட்டுக் கணக்கு எழுதியிருந்தார். நாலைந்து இடங்களில் துப்புரவு வேலை பார்ப்பவர். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு. இடது பக்கம் கொடுக்க வேண்டியது: வாடகை, 5ஆம் தேதி. வட்டி, ஒவ்வொரு திங்கட்கிழமையும். பள்ளிக் கட்டணம், 10ஆம் தேதிக்குள். அதன் கீழே இரண்டு அடிக்கோடு. வலது பக்கம் வர வேண்டியது. அதில் பெயர் இருந்தது, தொகை இருந்தது. தேதி மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "எப்ப குடுப்பாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

அந்த ஒரு பதிலில் வறுமையைப் பற்றிய பாதி விஷயம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் ஏழைகளின் வருமானத்தைக் கேட்டு, கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சராசரி மாதம் அவர்கள் வாழ்க்கையில் ஒருமுறைகூட வருவதில்லை. ஒரு வாரம் ஆறு நாள் வேலை, அடுத்த வாரம் இரண்டே நாள். கொடுக்க வேண்டியவற்றுக்கெல்லாம் தேதி உண்டு; வர வேண்டிய எதற்கும் இல்லை. இந்த இடைவெளியை அடைப்பது கைமாற்றும் வட்டிக் கடனும்தான்.

பிறகு அந்த வீட்டுக்கு மாத உதவித்தொகை வரத் தொடங்கியது. பெரிய தொகை இல்லை, வாடகைக்குக்கூட முழுதாகக் காணாது. அடுத்த முறை போனபோது நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வலது பக்கத்தில் முதல் முறையாக ஒரு தேதி இருந்தது. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இடது பக்கம். வாடகை 5 என்பதை அடித்துவிட்டு 16 என்று எழுதியிருந்தார். 15ஆம் தேதி எனக்குப் பணம் வருகிறது, மறுநாள் கொடுத்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறார், அவரும் ஒத்துக்கொண்டார். தேதி சொல்ல முடிகிற ஆளுக்கு உலகம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

பணத்தைப் பற்றிய இந்தக் கவலை யோசிக்கும் திறனையும் தொடுகிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 464 கரும்பு விவசாயிகளிடம் ஒரு சோதனை நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன், கை வறண்ட நேரத்தில் ஒருமுறை. அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறை. அதே மனிதர்கள், அதே வகைப் புதிர்கள். பணம் வந்த பிறகு தெளிவாக யோசித்தார்கள். ஏழைக்குத் திட்டமிடத் தெரியாது என்பார்கள். திட்டமிடுவதற்கு வேண்டிய மூளையை அடுத்த திங்கட்கிழமை கட்ட வேண்டிய வட்டி தின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

அப்புறம், பணம் வந்தால் என்ன செய்கிறார்கள்? மேற்குக் கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு கொடுத்த பணத்தை யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர், ஜெரமி ஷபீரோ இருவரும் ஆராய்ந்தார்கள். சில குடும்பங்களுக்கு மொத்தமாக ஒரே தவணை, சிலருக்கு மாதத் தவணை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாட்டுக் கஷ்டம் அதிகம் குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் நின்று நிலைக்கும் பொருள்களில் போட்டார்கள். அவற்றில் ஒன்று கூரை.

கூரை என்றதும் வசதிக்குச் செய்த செலவு என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். புல் வேய்ந்த கூரை மட்கும், ஒழுகும். அடிக்கடி புதுப் புல் வாங்கி வேய வேண்டும், அதற்குக் கூலி வேறு. தகரக் கூரை ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும். அதாவது அந்தக் குடும்பம் வருடாவருடம் செலவழித்துக்கொண்டிருந்த காசு இனி மிச்சம். நல்ல முதலீடு என்று அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் செய்ய முடியாமல் போனது ஏன்? புல்லைக் கட்டுக் கட்டாக வாங்கலாம். தகரக் கூரைக்கு மொத்தத் தொகை வேண்டும். சில்லறையாக வரும் வருமானத்திலிருந்து மொத்தத் தொகையை உருட்டி எடுப்பதுதான் ஏழைக் குடும்பத்தின் ஆகக் கடினமான வேலை. நாம் அதை ஒரு வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

அதே கென்யாவில் இன்னொரு பரிசோதனையும் நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சில கிராமங்களில் வயது வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்கால் டாலர் கணக்கில் மாதாமாதம் பணம், 12 வருடத்துக்கு. வேறு சில கிராமங்களில் அதே மாதத் தொகை, 2 வருடத்துக்கு மட்டும். மூன்றாவது வகைக் கிராமங்களில் 2 வருடப் பணத்தையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 2 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். முதல் இரண்டு வகைக்கும் அதுவரை கைக்கு வந்த பணம் ஒன்றுதான், ஒரு காசு வித்தியாசம் கிடையாது. ஆனாலும் சிறு தொழில் தொடங்குவதில் 12 வருடக்காரர்கள் 2 வருடக்காரர்களை முந்தியிருந்தார்கள். மொத்தமாக வாங்கியவர்களும் அப்படியே. 12 வருடக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீட்டுப் பிடித்தார்கள். நம் சீட்டு மாதிரியேதான்: ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. மாதப் பணத்தை அவர்களே மொத்தப் பணமாக மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில், பல வருடத்துக்குப் பணம் வரும் என்று தெரிந்தால் சீட்டு நடத்துவதில் பயம் இல்லை. எடுத்தவர் ஓடிவிடுவாரோ என்ற கவலை பாதியாகிவிடுகிறது. இன்னும் வராத பணம் இன்றைய முடிவை மாற்றியிருக்கிறது.

மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்திலும் இதைப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு தாய்மாரின் கையில் கொடுத்த பணம் அது. பால் கெர்ட்லரும் உடன் ஆய்வாளர்களும் போட்ட கணக்கின்படி, கிடைத்த ஒவ்வொரு 100 பெசோவிலும் 74 பெசோ அன்றாடச் செலவுக்குப் போனது. மிச்சத்தைக் குடும்பங்கள் கால்நடை, சிறு தொழில் என்று முதலாகப் போட்டன. சாப்பாட்டுக்கென்று வந்த பணத்தில் கால்வாசியை முதலாகப் போடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஆடு செத்துப்போனாலும் அடுத்த தவணை வரும் என்ற நம்பிக்கையிலிருந்து என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கானாவில் 2008இல் தொடங்கிய லீப் என்ற உதவித்தொகைத் திட்டம். ஆரம்ப வருடங்களில் பணம் ஒழுங்காக வரவில்லை. சில மாதம் ஒன்றுமே வராது, பிறகு மூன்று பங்கு சேர்ந்து வரும். மதிப்பீடு செய்தவர்கள் பார்த்தபோது வீட்டின் அன்றாடச் செலவில் முன்னேற்றம் தெரியவில்லை. கடனை அடைக்கவும் கொஞ்சம் சேர்க்கவும் பயன்பட்டிருந்தது. குடும்பங்கள் செய்தது சரிதான். நம்ப முடியாத வருமானத்தை நம்பி யாராவது சாப்பாட்டு அளவைக் கூட்டுவார்களா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அதிகாரிகள் அடிக்கடி சொல்வார்கள். தாராளமாக அளந்து போடுங்கள், எந்த நாளில் போடுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

யார் கையில் போடுவது? இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் முதியோர் ஓய்வூதியத்தை எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தார். பாட்டியின் கைக்கு ஓய்வூதியம் வந்த வீட்டில் பேத்திகளின் உயரமும் எடையும் தேறியிருந்தன. தாத்தாவின் கைக்கு வந்த வீட்டில் அந்த மாற்றத்தைக் காணவில்லை. தாத்தாக்கள் மன்னிக்க வேண்டும். நைஜரில், வறட்சிக் காலத்தில், ஒரு பிரிவுப் பெண்களுக்குக் கைபேசி வழியாகவும் இன்னொரு பிரிவுக்கு நேரில் ரொக்கமாகவும் பணம் கொடுத்தார்கள். கைபேசியில் வாங்கியவர்களின் வீட்டில் உணவு வகைகள் கூடியிருந்தன. நடந்து போய் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம் என்பது ஒரு காரணம். பணம் வந்தது ஊருக்குத் தெரியாமல் இருந்தது, அதை என்ன செய்வது என்று யோசிக்க அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது என்பது இன்னொன்று.

இவ்வளவு சொன்னதால் பணம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். உகாண்டாவில் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்க மொத்தமாக நிதி கொடுத்தார்கள். 4 வருடத்தில் அவர்களுடைய வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகம். 9 வருடத்தில் மற்றவர்களும் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். நான் இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு வருடம் முன்னால் கிடைத்த வாழ்க்கை சும்மா இல்லை. அமெரிக்காவில் கைக்குழந்தையுள்ள ஏழைத் தாய்மாருக்கு மாதம் 333 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். 4 வயதில் அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. அதே நாட்டில் 1000 பேருக்கு மாதம் 1000 டாலர் வீதம் 3 வருடம் கொடுத்த ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 1.3 மணி நேரம் வேலை குறைந்தது. ஆரம்பத்தில் சொன்ன 7 திட்டங்களின் முடிவு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆசிரியர் வராத பள்ளிக்கு உதவித்தொகையால் ஆசிரியரைக் கொண்டுவர முடியாது. மருந்தில்லாத மருத்துவமனைக்குப் பணத்தோடு போனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

ஒரு துண்டுத்தாள் வந்திருக்கிறது. "நீங்களாக இருந்தால் மொத்தமாகக் கொடுப்பீர்களா, மாதாமாதமா?" நல்ல கேள்வி. நான் அந்தக் குடும்பத்தையே கேட்பேன். மலாவியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டார்கள்: உங்கள் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, சீசன் முடிந்ததும் மொத்தமாகத் தரட்டுமா? வட்டி எதுவும் கிடையாது. ஏறக்குறைய பாதிப் பேர் சரி என்று சொன்னார்கள். கடைசியில் மொத்தமாக வந்த பணத்தில் அவர்கள் வாங்கிய பொருள்களில் முக்கியமானது கூரைக்கான தகரம்.

நோட்டு வைத்திருந்த அந்த அம்மாவையும் இதையேதான் கேட்டேன். "மாசா மாசமே வரட்டும். மொத்தமா வேணும்னா நான் சீட்டு போட்டுக்குவேன். 15ஆம் தேதிய மட்டும் மாத்திடாதீங்கன்னு சொல்லுங்க, வீட்டுக்காரர்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன்" என்றார்.

நன்றி, வணக்கம்.