உள்ளங்கையில் ஓர் ஆணி

அவையோருக்கு வணக்கம்.

ஓர் ஆணியிலிருந்து தொடங்குகிறேன். 1982-இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் கடைசிக் கட்டம். ராய் பேட்டி மனிதனைப் போலவே செய்யப்பட்டவன். அவனுக்கு விதித்த ஆயுள் நான்கே ஆண்டு. அது முடியப்போகிறது. கை மரத்துப்போய் விரல்கள் தானாக மடங்குகின்றன. பழைய பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, தன் உள்ளங்கையில் தானே குத்தி இறக்குகிறான்.

பார்க்கிற நமக்குச் சிலுவை நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் கதைக்குள் அந்த ஆணிக்கு வேறு வேலை இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் கை இன்னும் சில நிமிடம் இயங்க அந்த வலி அவனுக்குத் தேவை. பைபிளைத் தொட்டே பார்க்காதவருக்கும் காட்சி புரியும். படித்தவருக்கு நெஞ்சு பதறும். அறிவியல் புனைகதையில் கிறிஸ்தவக் குறியீடு எப்படி அமைய வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இந்த ஆணியைத்தான் காட்டுவேன்.

மற்றவற்றையும் பார்ப்போம். 1951-இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில், வேற்றுலகிலிருந்து வரும் கிளாட்டு மனிதரிடையே மறைந்திருக்க எடுத்துக்கொள்ளும் பெயர் கார்ப்பென்டர். அதாவது தச்சர், இயேசு செய்த தொழில். சுட்டுக் கொல்லப்படுகிறான், எழுகிறான், வானேறிப் போகிறான். அன்றைய தணிக்கையாளர்கள் இதை ஆட்சேபித்தார்கள். உயிரைத் திருப்பித் தரும் ஆற்றல் எல்லாம் வல்ல ஆவிக்கே உரியது என்று கிளாட்டுவின் வாயாலேயே சொல்லவைத்தார்கள். ஆனாலும் பாருங்கள், அவன் விட்டுச்செல்வது மிரட்டல்: வன்முறையை விண்வெளிக்குக் கொண்டுவந்தால் பூமி சாம்பலாகும்.

'ரோபோகாப்' (1987) இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் நாயகனை அமெரிக்க இயேசு என்றே இயக்குநர் பால் வெர்ஹூவன் வர்ணித்தார். கையைச் சுட்டுச் சிதைத்துக் கொல்லப்பட்டவன் மீண்டு எழுகிறான். இறுதியில் தண்ணீர்மேல் நடப்பதுபோல் வருகிறான். வந்து, தன்னைக் கொன்றவனைக் கொல்கிறான். 'தி மேட்ரிக்ஸ்' (1999) படக் கப்பலின் பலகையில் பைபிளின் மாற்கு 3:11-ஐக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. அசுத்த ஆவிகள் விழுந்து, 'நீர் தேவனுடைய குமாரன்' என்று கூவும் வசனம் அது. கண்டுபிடித்தால் மகிழ்ச்சிதான். ஆனால் படத்தை நிறுத்திப் பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் மகிழ்ச்சி.

ராய் பேட்டியிடம் திரும்புகிறேன். அவன் புனிதன் அல்ல, கொலைகாரன். தன்னைப் படைத்தவனையே கைகளால் நசுக்கிக் கொன்றவன். அதனால்தான் லூக்கா 23-ஆம் அதிகாரத்தில், இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனை எண்ணிக்கொள்கிறேன். தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமே என்று ஒப்புக்கொண்டவன் அவன். மீட்பரின் காயமும் அந்தக் கள்வனின் கடைசி நேரமும் இந்த ஒரே உடலில் கூடிவிடுகின்றன.

ராயைக் கொல்ல வந்த டெக்கார்ட் கட்டடத்தின் விளிம்பில் தொங்குகிறான். பிடி வழுக்குகிறது. விழ விட்டிருக்கலாம், அதற்கு எல்லாக் காரணமும் ராய்க்கு இருந்தது. ஆனால் ஆணி ஏறிய கை நீண்டு அவன் மணிக்கட்டைப் பற்றித் தூக்கிவிடுகிறது.

பிறகு மழையில் உட்கார்ந்து, கொஞ்சம் பேசி, தலை கவிழ்கிறான். மற்றொரு கையில் அதுவரை பிடித்திருந்த வெண்புறா பறக்கிறது. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தான் நதிக்கரையில் வானத்திலிருந்து புறா இறங்கி வந்தது. இங்கே, ஆன்மா உண்டா என்று எவரும் கேட்காத ஓர் உயிரின் கையிலிருந்து அது மேலே ஏறிப் போகிறது.